கரும்பு, வெற்றிலை, வாழை: திரவப் படிகங்களும் மூலக்கூறின் வடிவமும்

பருப்பொருளின் நிலைகள் திண்மம், திரவம், வாயு என மூன்று என்று ஆறாம் வகுப்பிலேயே கற்றுத் தருகிறோம். திண்மத்தில் துகள்கள் ஒழுங்காக நெருங்கி நிற்கும், திரவத்தில் ஒழுங்கின்றி ஓடும் என்று படம் வரைந்தும் காட்டுகிறோம். மாணவர்களும் அப்படியே எழுதி மதிப்பெண் பெறுகிறார்கள். பிறகு ஒருநாள் கணிப்பானின் திரையைக் காட்டி, 'எல்.சி.டி. என்றால் திரவப் படிகத் திரை என்று போட்டிருக்கிறது. திரவம் என்றால் ஓடுமே, படிகம் என்றால் ஓடாதே, இரண்டும் ஒன்றாக எப்படி சார் இருக்கும்?' என்று ஒரு மாணவி கேட்கக்கூடும்.

'அது மேல் வகுப்பில் வரும்' என்று சொல்லி இந்தக் கேள்வியைக் கடந்துவிட வேண்டாம். ஒரு பொருளின் பண்பை அதன் மூலக்கூறின் அமைப்பு எப்படித் தீர்மானிக்கிறது என்பது வேதியியலின் மையக் கருத்து. அதைக் கண்முன் காட்ட இதைவிட நல்ல வாசல் கிடைப்பது அரிது. தேனி மாவட்டத்திலும் கம்பம் பள்ளத்தாக்கிலும் பணிபுரியும் ஆசிரியர்களுக்கு இன்னொரு வசதியும் உண்டு. இதை விளக்கத் தேவையான மூன்று வடிவங்களும் பள்ளியைச் சுற்றியுள்ள வயல்களிலும் தோட்டங்களிலும் விளைகின்றன.

இரண்டு வகை ஒழுங்கு

ஒழுங்கு என்ற சொல்லை நாம் ஒரே பொருளில் பயன்படுத்துகிறோம். மூலக்கூறுகளைப் பொறுத்தவரை அதில் இரண்டு வகை உண்டு. மூலக்கூறு எந்த இடத்தில் இருக்கிறது என்பது இட ஒழுங்கு. அது எந்தத் திசையை நோக்கி இருக்கிறது என்பது திசை ஒழுங்கு.

காலை வழிபாட்டுக் கூட்டத்தை எடுத்துக்கொள்வோம். வரிசையாக, சம இடைவெளியில், அனைவரும் கொடிக்கம்பத்தைப் பார்த்து நிற்கும்போது இரண்டு ஒழுங்குகளும் இருக்கின்றன. அது படிகம். மணி அடித்து இடைவேளை விட்டதும் மாணவர்கள் அங்குமிங்கும் ஓடுகிறார்கள், ஆளுக்கொரு பக்கம் பார்க்கிறார்கள். இரண்டு ஒழுங்குகளும் இல்லை. அது திரவம். மாலையில் பள்ளி விட்டதும் வாயிலை நோக்கி நகரும் கூட்டத்தில் வரிசை இல்லை, ஒருவரை ஒருவர் முந்துகிறார்கள், ஆனால் பெரும்பாலும் எல்லாருடைய முகமும் வாயிலை நோக்கியே இருக்கிறது. இட ஒழுங்கு போய்விட்டது, திசை ஒழுங்கு மட்டும் மிஞ்சியிருக்கிறது. திரவப் படிகம் இப்படிப்பட்டது. அது பாதி உருகிய திண்மம் அல்ல, திண்மமும் திரவமும் கலந்த கலவையும் அல்ல. ஓடவும் செய்யும், திசை ஒழுங்கும் கொண்டிருக்கும் தனி நிலைமை அது.

இதை முதலில் கவனித்தவர் ஒரு தாவரவியலாளர். 1888இல் பிராகில் பணியாற்றிய ஃபிரெடெரிக் ரெய்னிட்சர், கொலஸ்டிரைல் பென்சோயேட் என்ற சேர்மத்தைச் சூடாக்கினார். 145.5 டிகிரி செல்சியசில் அது உருகிக் கலங்கலான திரவமானது. 178.5 டிகிரியில் அந்தக் கலங்கல் மறைந்து தெளிந்தது. தூய சேர்மத்துக்கு ஒரே உருகுநிலைதான் என்று படித்தவருக்கு இது புதிர். மாதிரியை இயற்பியலாளர் ஓட்டோ லேமனுக்கு அனுப்பினார். வெப்பப்படுத்தும் வசதி கொண்ட நுண்ணோக்கியில், தளவிளைவுற்ற ஒளியில் லேமன் அதைப் பார்த்தார். படிகங்களைப் போலவே அது ஒளியைத் திசைக்குத் திசை வேறாக நடத்தியது. திசையொப்புப் பண்பற்ற திரவம் ஒன்று உண்டு என்பது அப்படித் தெரியவந்தது.

ஆனால் எல்லாப் பொருள்களும் இந்த இடைநிலைமைக்கு வருவதில்லை. நீர் வருவதில்லை, பென்சீன் வருவதில்லை. எது வரும், எது வராது என்பதை முடிவு செய்வது மூலக்கூறின் அமைப்பு.

கரும்பு: கோல் வடிவ மூலக்கூறுகள்

வெட்டிய கரும்பை ஏற்றிச் செல்லும் லாரியை நம் மாணவர்கள் அனைவரும் பார்த்திருப்பார்கள். கரும்புகள் எல்லாம் ஒரே திசையில் கிடக்கும். ஆனால் நுனிகள் ஒரே கோட்டில் இருக்காது. ஒன்று முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும், ஒன்று உள்வாங்கியிருக்கும். ஒரு கரும்பை நீளவாக்கில் உருவி இழுக்கலாம், குறுக்காகத் திருப்ப முடியாது. அத்தனை நீளமான பொருள்கள் அவ்வளவு நெருக்கமாகக் கிடக்கும்போது ஒரே திசையில் படுப்பது ஒன்றே வழி.

மூலக்கூறுகளிலும் இதுவே நடக்கிறது. ஜெர்மனியின் ஹாலே நகரில் பணியாற்றிய டேனியல் ஃபோர்லாண்டர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நூற்றுக்கணக்கான சேர்மங்களைத் தயாரித்துப் பார்த்தார். மூலக்கூறு எவ்வளவு நீண்டு நேராக இருக்கிறதோ அவ்வளவு எளிதாகத் திரவப் படிகம் உண்டாகிறது என்ற முடிவுக்கு வந்தார். 1922இல் பிரான்சின் ஜார்ஜ் ஃப்ரீடல் இந்த நிலைமைகளுக்குப் பெயர் வைத்தார். திசை ஒழுங்கு மட்டும் இருப்பது நெமாட்டிக். நுண்ணோக்கியில் நூல் போன்ற கோடுகள் தெரிவதால், நூல் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து அந்தப் பெயர் வந்தது. திசை ஒழுங்கோடு அடுக்கடுக்காகவும் அமைவது ஸ்மெக்டிக். சோப்பைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர் இது. கரும்பை ஒரே அளவாக நறுக்கி, நுனிகள் சமமாக இருக்கும்படி வரிசை வரிசையாக நிறுத்தி வைத்தால் ஸ்மெக்டிக் நிலைமை கண்ணுக்குத் தெரியும்.

கோல் வடிவ மூலக்கூறை மூன்று பகுதிகளாகப் பிரித்துப் பார்க்கலாம். நடுவில் வளையாத விறைப்பான பகுதி, பெரும்பாலும் பென்சீன் வளையங்கள். ஒரு முனையில் நெளியக்கூடிய கார்பன் சங்கிலி. மறுமுனையில் பெரும்பாலும் ஒரு முனைவுத் தொகுதி. விறைப்பான பகுதி திசை ஒழுங்கைத் தருகிறது. நெளியும் சங்கிலி, மூலக்கூறுகள் இறுகிப் படிகமாவதைத் தடுத்து உருகுநிலையைக் குறைக்கிறது. இரண்டும் சேர்ந்தால்தான் இடைநிலைமை நிலைக்கும்.

இந்தப் புரிதல் எவ்வளவு பயன்பட்டது என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. 1960களின் இறுதியில் அறை வெப்பநிலையில் இயங்கும் எம்.பி.பி.ஏ. என்ற திரவப் படிகம் கண்டுபிடிக்கப்பட்டது. 22 முதல் 47 டிகிரி வரை அது நெமாட்டிக். ஆனால் அதன் இரு வளையங்களுக்கு நடுவே கார்பனும் நைட்ரஜனும் இரட்டைப் பிணைப்பால் இணைந்த ஒரு பாலம் இருந்தது. காற்றின் ஈரப்பதம் பட்டால் அந்தப் பாலம் நீராற்பகுப்படைந்து உடைந்துவிடும். இங்கிலாந்தின் ஹல் பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் கிரேயும் அவருடைய குழுவினரும் அந்தப் பாலத்தையே நீக்கிவிட்டு வளையங்களை நேரடியாக இணைத்தார்கள். ஒரு முனையில் சயனோ தொகுதியையும் மறுமுனையில் ஐந்து கார்பன் சங்கிலியையும் வைத்தார்கள். 1973இல் வெளியான இந்தச் சேர்மம் 5சிபி எனப்படுகிறது. இதன் மூலக்கூறு ஏறத்தாழ 2 நானோமீட்டர் நீளமும் அரை நானோமீட்டர் அகலமும் கொண்டது. கைக்கடிகாரங்களிலும் கணிப்பான்களிலும் திரவப் படிகத் திரை நிலைத்து நின்றது இந்தச் சேர்மக் குடும்பத்தால்தான்.

5சிபி ஏறத்தாழ 24 டிகிரியில் உருகி நெமாட்டிக் ஆகிறது, 35 டிகிரியில் தெளிந்த திரவமாகிறது. மார்கழி விடியலில் கம்பத்தில் அது படிகமாகவே இருக்கலாம். காலை பத்து மணிக்குக் கலங்கலான திரவப் படிகமாக இருக்கும். வெயில் 35 டிகிரியைத் தாண்டும் சித்திரை நண்பகலில் வெறும் திரவமாகிவிடும். அப்படியானால் அதை வைத்து மட்டும் திரை செய்ய முடியாது. வளையங்களின் எண்ணிக்கையை இரண்டிலிருந்து மூன்றாக்கினால் என்ன ஆகும்? விறைப்பான பகுதி நீள்கிறது, திசை ஒழுங்கு வலுக்கிறது. அதே ஐந்து கார்பன் சங்கிலி கொண்ட மூன்று வளையச் சேர்மம் ஏறத்தாழ 130 டிகிரியில் உருகி 239 டிகிரி வரை நெமாட்டிக்காக இருக்கிறது. இதைச் சிறிதளவு கலந்து, மேலும் சில உறவுச் சேர்மங்களையும் சேர்த்துச் செய்த ஈ7 என்ற கலவை, உறைநிலைக்குக் கீழே சுமார் 10 டிகிரியிலிருந்து ஏறத்தாழ 60 டிகிரி வரை திரவப் படிகமாகவே இருக்கிறது. வெயிலில் நெடுநேரம் விடப்பட்ட சில கருவிகளின் திரை கறுத்துப்போய், குளிர்ந்ததும் மீண்டும் சரியாவதை மாணவர்கள் கண்டிருக்கலாம். திரவப் படிகம் தன் மேல் எல்லையைத் தாண்டித் திரவமாகி, பிறகு திரும்பி வந்ததன் அடையாளம் அது.

ஒரு கார்பன் கூடினால்

பத்தாம் வகுப்பில் படிவரிசை கற்பிக்கும்போது, அடுத்தடுத்த சேர்மங்களுக்கு இடையே ஒரு மெத்திலீன் தொகுதிதான் வேறுபாடு, பண்புகள் சீராக மாறும் என்று சொல்கிறோம். 5சிபியின் படிவரிசையில் நெமாட்டிக் நிலைமை மறைந்து தெளிந்த திரவமாகும் வெப்பநிலையைப் பாருங்கள். எண்கள் தோராயமானவை.

5 கார்பன் சங்கிலி: 35 டிகிரி
6 கார்பன் சங்கிலி: 29 டிகிரி
7 கார்பன் சங்கிலி: 43 டிகிரி
8 கார்பன் சங்கிலி: 40 டிகிரி

சீராக ஏறவில்லை, இறங்கவுமில்லை. ஒற்றைப்படை எண்களில் உயர்ந்தும் இரட்டைப்படை எண்களில் தாழ்ந்தும் ஏறி இறங்குகிறது. காரணம் கார்பன் சங்கிலியின் வளைநெளிவு. ஒற்றைப்படை எண்ணுள்ள சங்கிலியில் கடைசிப் பிணைப்பு மூலக்கூறின் நீள்திசையை ஒட்டி அமைகிறது, அதனால் கோல் மேலும் நீள்கிறது. இரட்டைப்படையில் கடைசிப் பிணைப்பு பக்கவாட்டில் சாய்ந்துவிடுகிறது, கோல் சற்றுத் தடிக்கிறது. ஒரே ஒரு பிணைப்பின் சாய்வு, வெப்பமானியில் பல டிகிரியாகத் தெரிகிறது.

எட்டுக் கார்பன் வரும்போது இன்னொன்றும் நடக்கிறது. 8சிபி ஏறத்தாழ 21.5 முதல் 33.5 டிகிரி வரை ஸ்மெக்டிக், அதற்கு மேல் 40 டிகிரி வரைதான் நெமாட்டிக். சங்கிலி நீண்டதும் சங்கிலிகள் ஒரு பக்கமும் வளையங்கள் ஒரு பக்கமும் ஒதுங்கத் தொடங்குகின்றன. அந்த ஒதுக்கம் அடுக்குகளை உண்டாக்குகிறது. 5சிபியில் இல்லாத ஒரு நிலைமை, மூன்று கார்பன் கூடியதும் பிறந்துவிட்டது.

சங்கிலியில் நான்கு வெவ்வேறு தொகுதிகளுடன் பிணைந்த ஒரு கார்பனை வைத்தால் மூலக்கூறு கைரல் ஆகிவிடும். இடது கையும் வலது கையும் போல, அதன் ஆடி பிம்பம் அதன்மேல் பொருந்தாது. அப்படிப்பட்ட கோல்கள் நேராக அடுக்கிக் கொள்வதில்லை, ஒன்றைவிட ஒன்று சற்றே திரும்பிப் படுக்கின்றன. அடுத்தடுத்துத் திரும்பியதில் முறுக்கிய கயிறு போன்ற அமைப்பு உண்டாகிறது. முறுக்கின் நீளம் வெப்பநிலையோடு மாறும், அதற்கேற்ப எதிரொளிக்கும் நிறமும் மாறும். நெற்றியில் ஒட்டிக் காய்ச்சல் பார்க்கும் நிறம் மாறும் பட்டை இயங்குவது இப்படித்தான். ரெய்னிட்சர் பார்த்த கொலஸ்டிரைல் பென்சோயேட்டும் இந்த வகையே.

வெற்றிலை: தட்டு வடிவ மூலக்கூறுகள்

கோல் வடிவம் இருந்தால் திரவப் படிகம் என்பது எழுபது ஆண்டுகளாக விதி போலவே நிலவியது. தட்டையான மூலக்கூறுகளுக்கு அந்தத் தகுதி இல்லை என்றே பெரும்பாலோர் கருதினர். அதை மாற்றியது பெங்களூரில் நடந்த ஆய்வு.

சிவராமகிருஷ்ண சந்திரசேகர் 1930இல் பிறந்தவர். சர் சி. வி. ராமனின் சகோதரி மகன். நோபல் பரிசு பெற்ற வானியற்பியலாளர் சந்திரசேகர் ராமனின் அண்ணன் மகன். பெயரும் குடும்பமும் ஒன்றாக இருப்பதால் மாணவர்கள் இருவரையும் குழப்பிக்கொள்வதுண்டு. இவர் ராமனிடம் ஆய்வு செய்து, கேம்பிரிட்ஜ் சென்று திரும்பி, மைசூர் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் துறைத் தலைவராகப் பணியாற்றினார். 1971இல் ராமன் ஆராய்ச்சி நிறுவனத்தில் திரவப் படிக ஆய்வகத்தைத் தொடங்கினார்.

அங்கே அவர் எழுப்பிய கேள்வி எளிமையானது. நீளமானவை ஒரே திசையில் படுக்கின்றன என்றால், தட்டையானவை ஏன் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கக் கூடாது? சின்னமனூர்ப் பக்கத்துக் கொடிக்காலில் பறித்த வெற்றிலையைக் கவுளியாக அடுக்குவதை நினைத்துப் பாருங்கள். வெற்றிலைக்கு நீள்திசை என்று சொல்லும்படி ஏதுமில்லை. ஆனால் அது தட்டை. ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் ஒரு தூணாக எழும்பும். எல்லா இலைகளின் முகமும் ஒரே திசையைப் பார்க்கும். அதுவும் திசை ஒழுங்குதான்.

வெறும் தட்டையாக இருந்தால் போதாது. பென்சீனும் தட்டைதான், அது நேராகப் படிகத்திலிருந்து திரவத்துக்குப் போய்விடுகிறது. கோல் வடிவத்தில் விறைப்பான நடுப்பகுதிக்கு நெளியும் சங்கிலி துணை நின்றது போல, இங்கும் தேவை. பென்சீன் வளையத்தின் ஆறு கார்பன்களிலும் ஆறு நெளியும் சங்கிலிகளை எஸ்டர் பிணைப்பால் இணைத்த மூலக்கூறு அதற்குப் பொருத்தமாக இருந்தது. ஏழு கார்பன் கொண்ட அமிலத்திலிருந்து செய்த அந்தச் சேர்மத்தைச் சூடாக்கியபோது, 80 டிகிரியைச் சற்றே தாண்டியதும் சில டிகிரி இடைவெளிக்கு ஒரு புதிய நிலைமை தோன்றியது. எக்ஸ் கதிர் ஆய்வு அதன் அமைப்பைக் காட்டியது. மூலக்கூறுகள் தூண்களாக அடுக்கப்பட்டிருந்தன, தூண்கள் தேன்கூட்டின் அறைகளைப் போல அறுகோண ஒழுங்கில் நின்றன. ஒவ்வொரு தூணுக்குள்ளும் தட்டுகளின் இடைவெளி திரவத்தில் போல ஒழுங்கற்று இருந்தது.

சந்திரசேகர், பி. கே. சதாசிவா, கே. ஏ. சுரேஷ் ஆகிய மூவரும் எழுதிய இந்தக் கட்டுரை 1977இல் பெங்களூரிலிருந்து வெளிவரும் 'பிரமாணா' இதழில் வெளியானது. சில பக்கங்களே கொண்ட கட்டுரை. திரவப் படிகங்களில் அதுவரை இல்லாத ஒரு பெரும்பிரிவு அதிலிருந்து கிளைத்தது. இன்று தட்டு வடிவத் திரவப் படிகங்கள் ஆயிரக்கணக்கில் அறியப்பட்டுள்ளன. பக்கவாட்டிலிருந்து பார்த்தால் கணினித் திரை மங்கித் தெரியும் குறையைப் போக்க, 1990களில் ஜப்பானின் ஃபுஜி நிறுவனம் தட்டு வடிவ மூலக்கூறுகளால் ஆன மெல்லிய படலத்தை உருவாக்கியது. தூணின் நீளவாக்கில் மின்னூட்டம் எளிதாகச் செல்வதால், இவற்றைக் கரிம மின்னணுவியலில் பயன்படுத்தவும் ஆய்வுகள் நடக்கின்றன. சந்திரசேகர் 1983இல் லண்டன் ராயல் கழகத்தின் உறுப்பினரானார், 1998இல் பத்ம பூஷண் பெற்றார், 2004இல் மறைந்தார்.

மாணவர்களுக்கு இந்த வரலாற்றைச் சொல்லும்போது ஒரு செய்தியை விட்டுவிட வேண்டாம். முந்தைய ஆய்வாளர்கள் தவறு செய்யவில்லை. கோல்களைப் பற்றி அவர்கள் சொன்னது இன்றும் உண்மை. ஆனால் 'கோல்கள் இப்படிச் செய்கின்றன' என்பது காலப்போக்கில் 'கோல்கள் மட்டுமே இப்படிச் செய்யும்' என்று மாறியிருந்தது. அந்த 'மட்டுமே'யைத்தான் பெங்களூர்க் குழு சோதித்துப் பார்த்தது.

வாழை: வளைந்த மூலக்கூறுகள்

நீண்ட மூலக்கூறு நேராக இருக்க வேண்டும் என்ற எண்ணமும் நீடிக்கவில்லை. பென்சீன் வளையத்தில் இரண்டு தொகுதிகளைப் பாரா இடத்தில், அதாவது 1, 4 கார்பன்களில் இணைத்தால் மூலக்கூறு நேராக நீளும். மெட்டா இடத்தில், 1, 3 கார்பன்களில் இணைத்தால் ஏறத்தாழ 120 டிகிரி கோணத்தில் வளையும். மூலக்கூறு வாய்பாடு ஒன்றே, பிணைப்பின் இடம் மட்டும் மாறியிருக்கிறது. 1996இல் டோக்கியோ தொழில்நுட்பக் கழகத்தின் ஆய்வாளர்கள் இப்படி வளைந்த மூலக்கூறுகளின் அடுக்குகள் மின்புலத்துக்கு ஏற்பத் திரும்புவதைக் காட்டினார்கள். அறிவியல் உலகமே இவற்றை 'வாழைப்பழ மூலக்கூறுகள்' என்று அழைக்கிறது. இவை தரும் நிலைமைகளுக்கு, வாழைப்பழத்துக்கான ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்தைக் கொண்டு பி1, பி2 என்று பெயரிட்டார்கள்.

தேனி மாவட்டத்து மாணவர்களுக்கு இதை விளக்க ஒரு சீப்பு வாழைப்பழம் போதும். சீப்பில் எல்லாப் பழங்களும் ஒரே பக்கமாக வளைந்திருக்கும். தனித்தனியாகப் பிய்த்து ஒரு பெட்டியில் நெருக்கமாக அடுக்கச் சொல்லுங்கள். மாணவர்கள் தாமாகவே எல்லா வளைவுகளையும் ஒரே பக்கம் திருப்பி வைப்பார்கள். நடுவில் ஒன்றை மட்டும் மாற்றி வைத்தால் இடம் வீணாகும். கரும்பைத் தன் அச்சில் எப்படிச் சுழற்றினாலும் பக்கத்துக் கரும்புக்குக் கவலையில்லை. வாழைப்பழத்தைச் சுழற்றினால் பக்கத்துப் பழம் இடிக்கும். ஆகவே வளைந்த மூலக்கூறுகளின் அடுக்கில் நீள்திசை மட்டுமல்ல, வளைவின் திசையும் ஒழுங்குபடுகிறது. அடுக்குக்கே ஒரு முனைவுத் திசை கிடைத்துவிடுகிறது.

இதில் வியப்பான விளைவு ஒன்று உண்டு. இந்த மூலக்கூறுகளில் கைரல் கார்பன் கிடையாது. ஆனாலும் அவை அடுக்கில் சாய்ந்து படுக்கும்போது அடுக்கின் செங்குத்துத் திசை, சாய்வின் திசை, வளைவின் திசை ஆகிய மூன்றும் சேர்ந்து இடக்கை அல்லது வலக்கை அமைப்பாகிவிடுகின்றன. கட்டைவிரல், சுட்டுவிரல், நடுவிரல் மூன்றையும் ஒன்றுக்கொன்று செங்குத்தாக நீட்டி இரு கைகளையும் ஒப்பிட்டால் இது புரியும். தனி மூலக்கூறில் இல்லாத பண்பு, கூட்டத்தில் பிறக்கிறது. 1997இல் இது விளக்கப்பட்டது.

சோப்புப் பெட்டியில் ஒரு திரவப் படிகம்

இதுவரை சொன்னவற்றில் நிலைமையை மாற்றுவது வெப்பம். நீரின் அளவால் மாறுபவையும் உண்டு. சோப்பு மூலக்கூறுக்கு நீரை விரும்பும் தலையும் நீரை வெறுக்கும் வாலும் இருக்கின்றன. சோப்புப் பெட்டியில் தேங்கிய நீரில் ஊறி, அடியில் வழுவழுப்பாகக் குழையும் பகுதியில், தலைகள் நீரை நோக்கியும் வால்கள் ஒன்றையொன்று நோக்கியும் இரட்டை அடுக்குகளாக நிற்கின்றன. அடுக்குகளுக்கு இடையே நீர். அதுவும் திரவப் படிகமே. நீரைக் கூட்டிக்கொண்டே போனால் அடுக்குகள் கலைந்து நுண்ணிய உருளைகளாகவும் உருண்டைகளாகவும் மாறும். செல் சவ்வில் கொழுப்பு மூலக்கூறுகள் நிற்பதும் இத்தகைய இரட்டை அடுக்குகளில்தான். சவ்வு உறுதியாகவும் இருக்க வேண்டும், அதில் புரதங்கள் நகரவும் வேண்டும். திண்மமாக இருந்தால் நகர முடியாது, வெறும் திரவமாக இருந்தால் எல்லை நிற்காது. உயிரியல் ஆசிரியரும் வேதியியல் ஆசிரியரும் சேர்ந்து நடத்தக்கூடிய பாடம் இது.

வகுப்பறையில் செய்து பார்க்க

ஈர்க்குத் தட்டு. தென்னை ஈர்க்குகளை 3 சென்டிமீட்டர் நீளத் துண்டுகளாக நறுக்கச் சொல்லுங்கள். விளிம்புள்ள தட்டில் இருபது துண்டுகளைப் போட்டு மேசையில் வைத்தபடியே மெதுவாகக் குலுக்குங்கள். ஆளுக்கொரு திசையில் கிடக்கும். துண்டுகளைக் கூட்டிக்கொண்டே போய், தட்டு நிறையும் அளவுக்கு வந்ததும் குலுக்கினால், கூட்டம் கூட்டமாக ஒரே திசையில் சேரத் தொடங்கும். அடுத்து அதே தட்டில் மிளகைப் போட்டுக் குலுக்குங்கள். மிளகு நெருங்கும், ஆனால் அதற்குத் திசை என்று ஒன்று இல்லை. வடிவம் இல்லாமல் திசை ஒழுங்கு இல்லை என்பதை மாணவர்கள் தாமாகவே சொல்லிவிடுவார்கள்.

வரைபடம். மேலே தந்த நான்கு வெப்பநிலைகளையும் கார்பன் எண்ணிக்கைக்கு எதிராகக் குறிக்கச் சொல்லுங்கள். 9 கார்பன் வந்தால் ஏறுமா, இறங்குமா என்று முன்கூட்டியே எழுதி வைக்கச் செய்யுங்கள். உண்மையான மதிப்பு சுமார் 49 டிகிரி. விடையைச் சொல்வதற்கு முன் காரணத்தைக் கேளுங்கள்.

திரையும் ஒளியும். உயர்தொழில்நுட்ப ஆய்வகத்தின் கணினித் திரையில் வெள்ளைப் பக்கத்தைத் திறந்து வையுங்கள். தளவிளைவுக் கண்ணாடி அல்லது போலராய்டுத் தகடு ஒன்றைக் கண்முன் பிடித்து மெல்லச் சுழற்றினால், ஒரு நிலையில் திரை கறுக்கும். அந்த நிலையில் ஒளிபுகும் பிளாஸ்டிக் அளவுகோலைத் திரைக்கும் தகட்டுக்கும் நடுவே நீட்டினால் வண்ணப் பட்டைகள் தெரியும். வார்ப்பின்போது பிளாஸ்டிக்கின் நீண்ட மூலக்கூறுகள் ஒரு திசையில் இழுபட்டிருப்பதே காரணம். லேமன் நுண்ணோக்கியில் கண்டதும் இதே வகை விளைவு. திரையை விரலால் அழுத்தவோ, உடைந்த திரையிலிருந்து கசியும் திரவத்தைத் தொடவோ மாணவர்களை அனுமதிக்க வேண்டாம்.

எந்த வகுப்பில் எவ்வளவு

ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை, மூன்று நிலைமைகளுக்கு இடையிலும் நிலைமைகள் உண்டு என்று சொல்லி ஈர்க்குத் தட்டைக் காட்டினால் போதும். ஒன்பது, பத்தாம் வகுப்புகளில் இட ஒழுங்கையும் திசை ஒழுங்கையும் பிரித்துச் சொல்லி, படிவரிசை வரைபடத்தைச் சேர்க்கலாம். மேல்நிலை வகுப்புகளில் திட நிலைமை பாடத்தில் திசையொப்புப் பண்பு வரும்போதும், பென்சீனின் ஆர்த்தோ, மெட்டா, பாரா இடங்கள் வரும்போதும், தளவிளைவு வரும்போதும் இதே எடுத்துக்காட்டை மீண்டும் எடுக்கலாம்.

தேர்வில் இதற்கு மதிப்பெண் இருக்கிறதா என்று சிலர் கேட்பார்கள். நேரடியாகக் குறைவுதான். ஆனால் மெட்டா, பாரா என்று பெயர் மட்டும் மனப்பாடம் செய்த மாணவருக்கும், அந்த இடமாற்றம் ஒரு பொருளின் நடத்தையையே மாற்றும் என்று கையில் வாழைப்பழத்தை வைத்துப் பார்த்த மாணவருக்கும் வேறுபாடு உண்டு. முதலாமவர் விடையை எழுதுவார். இரண்டாமவர், இதுவரை பாடநூலில் இல்லாத ஒரு வடிவத்தைச் சொல்லி, 'இது எப்படி அடுக்கும்?' என்று கேட்பார். அந்தக் கேள்விக்கு நம்மிடம் உடனே விடை இல்லாமல் போகலாம். ஈர்க்கையோ களிமண்ணையோ கொடுத்து அந்த வடிவத்தைச் செய்து, தட்டில் போட்டுக் குலுக்கிப் பார்க்கச் சொல்லுங்கள்.